பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை: எம்.எஃப்.ஏ. விண்ணப்பத்துக்குப் பதில் வராத நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரியேட்டிவ் ரைட்டிங் எம்.எஃப்.ஏ. (கதை, கவிதை எழுதுவதற்கான முதுகலைப் பட்டம்) படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு ஜனவரி கொஞ்சம் மூச்சுவிடும் மாதம். பெரும்பாலான இடங்களில் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் முடிந்துவிடும். கதைகளைத் திருத்தி அனுப்பியாகிவிட்டது, கட்டணம் கட்டியாகிவிட்டது, பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன பேராசிரியரும் நாலு முறை நினைவூட்டிய பிறகு அனுப்பிவிட்டார். பிப்ரவரி பிறந்ததும் நிலைமை மாறிவிடும். யாரோ ஒருவருக்கு எங்கிருந்தோ போன் வந்ததாம் என்று காதில் விழும். அதற்கப்புறம் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் எழுத்து வேலை நின்றுபோய், மின்னஞ்சலையும் பல்கலைக்கழகப் போர்ட்டலையும் மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதே வேலையாகிவிடும்.

விண்ணப்பித்தவர்கள் இந்த மௌனத்தைத் தங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் என்னை வருத்துகிறது. இன்னும் பதில் வரவில்லை என்றால் கதை பிடிக்கவில்லை, இன்னொருவருக்கு வந்து எனக்கு வரவில்லை என்றால் நான் அவ்வளவுதான் என்று மனம் போய்விடுகிறது. உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. பதில் எப்போது வரும், யாருக்கு முதலில் வரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இடங்களின் எண்ணிக்கையும், அந்த இடங்களுக்கான பணமும், அழைப்பு பெற்றவர்கள் பதில் சொல்ல அவகாசம் முடியும் ஏப்ரல் 15 என்ற ஒரு தேதியும்தான்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கதை எழுதக் கற்பிக்கும் ஜார்ஜ் சாண்டர்ஸ், அங்கே ஆண்டுதோறும் 600, 700 விண்ணப்பங்கள் வருவதாகவும் அவற்றிலிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. கார்னெல்லில் கதைக்கு 4, கவிதைக்கு 4 என்று 8 இடங்கள். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையத்தில் கதை, கவிதை, நாடகம், திரைக்கதை எல்லாம் சேர்த்தே ஒரு டஜன் பேர் அளவுக்குத்தான் எடுக்கிறார்கள். விஸ்கான்சின் மேடிசனில் ஓர் ஆண்டு கதைக்காரர்கள், அடுத்த ஆண்டு கவிஞர்கள் என்று மாறி மாறி வருகிறார்கள். அதைக் கவனிக்காமல் தவறான ஆண்டில் விண்ணப்பத்தைத் தயார் செய்பவர்கள் உண்டு. இந்தப் பட்டியலில் அயோவா பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.ஏ. படிப்பான ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப்தான் பெரியது. அங்கேயும் கதைக்கு 25 பேர், கவிதைக்கு 25 பேர் அளவுதான்.

இவ்வளவு குறைவாக எடுப்பதற்குக் காரணம் பணம். அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட எம்.எஃப்.ஏ. படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் எல்லோரும் முண்டியடிப்பது 'முழு நிதி' தரும் சிலவற்றுக்குத்தான். கல்விக் கட்டணம் கிடையாது, கையில் மாதாமாதம் உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு என்று இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஓட்டிவிடலாம். பல இடங்களில் அந்த உதவித்தொகை சும்மா வருவதில்லை. முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் டீச்சிங் அசிஸ்டண்ட் வேலைக்கான சம்பளம் அது. ஆகவே ஓர் ஆண்டில் எத்தனை எழுத்தாளர்களை எடுக்கலாம் என்பது, ஆங்கிலத் துறைக்கு அந்த ஆண்டு எத்தனை அசிஸ்டண்ட் இடங்கள் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது. அறக்கட்டளைப் பணம் வந்தால் கதையே வேறு. 2013இல் ஹெலன் ஜெல் என்ற கொடையாளர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.ஏ.வுக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். இப்போது அந்தப் படிப்பே அவர் பெயரில் நடக்கிறது, படித்து முடித்தவர்கள் இன்னும் ஓராண்டு எழுதிக்கொண்டிருக்கவும் அதில் வழி இருக்கிறது. மிச்னர் மையமும் நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்னர் கொடுத்த நன்கொடையில் நடப்பதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது காலத்தையும் தீர்மானிக்கிறது. எழுத்தாளர்களான ஆசிரியர்கள் பிப்ரவரி முதல் வாரமே பெயர்களை முடிவு செய்துவிடலாம். ஆனால் "இந்த ஆண்டு உங்களுக்கு இத்தனை இடம்" என்று டீன் அலுவலகம் எழுதித் தரும்வரை யாரையும் கூப்பிட முடியாது. பெரிய பல்கலைக்கழகங்களில் அது சில நேரம் மார்ச் வரை இழுக்கும். 2025இல் அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டுகள் வந்தபோது சில பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புச் சேர்க்கையையே குறைத்தன. இந்த மாதிரி ஆண்டுகளில் நல்ல கதை எழுதியவருக்கும் பதில் தாமதமாகும், அல்லது இடமே இல்லாமல் போகும். கதையை எத்தனை முறை திருத்தியிருந்தாலும் அதற்கு விண்ணப்பித்தவர் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இந்த முறை முழுக்கக் கடந்த ஒரு நூற்றாண்டில் உருவானது. அயோவா பல்கலைக்கழகம் 1922இல்தான் பட்ட ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையே ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. 1936இல் ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் தொடங்கியது. 1940களில் அதை நடத்திய பால் எங்கிள் பிற்பாடு சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1945இல் ஓர் இளம்பெண் அவர் அறைக்கு வந்து ஏதோ சொன்னாராம். ஜார்ஜியா மாநிலத்து உச்சரிப்பு, அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். தன் பெயர் ஃபிளானரி ஓ'கானர், தான் பத்திரிகையாளர் இல்லை, வொர்க்‌ஷாப்பில் சேரலாமா என்று அந்தப் பெண் எழுதினார். பின்னாளில் புகழ்பெற்ற சிறுகதையாளரான அவர் அப்போது இதழியல் படிக்க வந்தவர். அவருடைய கதைகளைப் படித்துப் பார்த்துவிட்டு எங்கிள் சேர்த்துக்கொண்டார். ஒரு தாளில் கேட்டு, சில நாளில் பதில் பெற்ற காலம் அது. இன்று அதே கேள்விக்குப் பதில் வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அயோவாவில் 1967இல் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம் வேறு. அது ஏற்கெனவே நூல் வெளியிட்ட பிறநாட்டு எழுத்தாளர்கள் சில வாரங்கள் தங்கி எழுதுவதற்கானது, பட்டம் கிடையாது. அதே ஊரில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்று தனி எம்.எஃப்.ஏ.வும் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் இளைஞர்கள் அதை ஏன் இன்னும் அதிகமாகக் கண்டுகொள்ளவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? ஒரு விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் கனமானது எழுத்து மாதிரிதான். கதை என்றால் 25, 30 பக்கம், கவிதை என்றால் பத்து கவிதை அளவு. மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.ஈ.யைப் பெரும்பாலான இடங்கள் கைவிட்டுவிட்டன. எழுத்து மாதிரிகளை முதல் சுற்றில் ஆசிரியர்களோ, சில இடங்களில் மூத்த மாணவர்களோ பிரித்துப் படிக்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தை இரண்டு பேராவது பார்ப்பது வழக்கம். அதில் தேறியவை ஆசிரியர் குழு முன் போகும். அங்கே நடப்பது மதிப்பெண் கூட்டல் அல்ல. ஒரு கதையை ஒருவர் இதைவிட நல்லது இந்தக் குவியலில் இல்லை என்பார். பக்கத்தில் இருப்பவருக்கு அது ஒட்டவே ஒட்டாது. ஆறு இடங்களுக்கு முப்பது நல்ல எழுத்துக்காரர்கள் இருக்கும்போது கடைசி இடங்களை முடிவு செய்வது ரசனைதான். ஒரே வகை எழுத்து எழுதும் ஆறு பேரை ஒரே வகுப்பில் உட்காரவைக்கக்கூடாது என்ற எண்ணமும் அதில் சேரும். ஓரிடத்தில் முதல் சுற்றிலேயே விழுந்த அதே பக்கங்கள் இன்னோரிடத்தில் முதல் ஆளாக அழைப்புப் பெறுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

படிப்பவர்களும் எழுத்தாளர்களே. அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும், தங்கள் புத்தகத்தை முடிக்க வேண்டும். அமெரிக்க எழுத்துப் படிப்புகளின் சங்கமான ஏ.டபிள்யூ.பி. நடத்தும் பெரிய மாநாடும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வரும். ஆசிரியர்களில் பாதிப் பேர் அந்த வாரம் வேறு ஊரில் இருப்பார்கள், அந்த வாரத்தில் அழைப்புகள் மந்தமாகும்.

அவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே குவியலில் இருந்தவர்கள். சாண்டர்ஸ் 1986 பிப்ரவரியில் டெக்சஸில் அமரில்லோவில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்த ஒரு போன் மூலம்தான் சிரக்யூஸில் இடம் கிடைத்ததைத் தெரிந்துகொண்டார். கூப்பிட்டவர் அப்போது அங்கே கற்பித்த எழுத்தாளர் டோபயஸ் வுல்ஃப். இன்று அதே படிப்புக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சாண்டர்ஸ் இருக்கிறார். இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த வி.வி. கணேசானந்தன் அயோவாவில் எம்.எஃப்.ஏ. படித்தவர். இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைக் கற்பிக்கிறார். யாழ்ப்பாணத்துப் போர்க்காலத்தைப் பற்றிய அவருடைய நாவல் 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. தமிழ்ப் பெயரையும் தமிழ் ஊரையும் கதையில் வைத்தால் அமெரிக்காவில் யாருக்குப் புரியும் என்று தயங்குபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. மிச்சிகனில் எம்.எஃப்.ஏ. படித்த அகில் குமாரசாமியின் கதைகளிலும் ஈழத்தமிழர் வாழ்க்கைதான் இருக்கிறது.

நல்ல செய்தி பெரும்பாலும் போனில்தான் வரும். இயக்குநரோ ஓர் ஆசிரியரோ நேரடியாகக் கூப்பிடுவார். அதனால் விண்ணப்பித்தவர்கள் அமெரிக்க ஊர்களின் தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள்: 319 என்றால் அயோவா சிட்டி, 734 என்றால் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர், 607 என்றால் கார்னெல் இருக்கும் இத்தாகா. இந்தியாவிலிருந்து காத்திருப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு ஒன்பதரை. அங்கே வேலை நேரம் முடியும் மாலை 5 மணி பிப்ரவரியில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. தூங்கும்போது வந்த அழைப்பை போனே ஸ்பேம் என்று ஒதுக்கியிருக்கலாம். வாய்ஸ்மெயில் நம் ஊரில் யாரும் பயன்படுத்துவதில்லை. இதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. போனை எடுக்காவிட்டால் அவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். இவ்வளவு சிரமப்பட்டுத் தேர்ந்தெடுத்த ஆளை ஒரு தவறிய அழைப்புக்காக யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே படிப்பில் சிலருக்கு அழைப்பு வந்து மூன்று வாரம் ஆன பிறகும் மற்றவர்களுக்கு 'இல்லை' என்ற கடிதம்கூட வருவதில்லையே, ஏன்? மூன்று வகையான ஆட்கள் இருக்கிறார்கள். அழைக்கப்பட்டவர்கள், மறுக்கப்பட்டவர்கள், இடையில் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள். அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று படிப்பு நடத்துபவர்களுக்கே தெரியாது. ஒரே கெட்டிக்காரருக்கு மிச்சிகன், கார்னெல், மிச்னர் மூன்றிலிருந்தும் அழைப்பு வந்திருக்கும். அவர் ஒரு நாற்காலியில்தான் உட்கார முடியும், மற்ற இரண்டும் திரும்பிவரும். அப்போது கூப்பிடப் பத்து, இருபது பெயர்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் ஓரளவு நன்றாக எழுதிய பலருக்கு எந்தப் பதிலும் அனுப்பாமல் நிறுத்திவைப்பார்கள். சில இடங்கள் "நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லும். சில இடங்கள் அதையும் சொல்வதில்லை. மறுப்புக் கடிதங்களை அனுப்புவது பெரும்பாலும் எழுத்துத் துறை இல்லை, பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகம். அது எல்லாவற்றையும் மொத்தமாக, கடைசியில், போர்ட்டலில் ஏற்றும். எனவே மார்ச்சில் மௌனம் என்றால் மறுப்பாக இருக்கலாம், காத்திருப்பாக இருக்கலாம், அலுவலகத் தாமதமாகவும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை.

இந்தப் பட்டியல் ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிதான், ஆனால் எண் போட்டுத் தரமாட்டார்கள். வரிசையே இல்லாமலும் இருக்கலாம். இடத்தை மறுத்துப் போனவர் கவிஞர் என்றால் அடுத்துக் கூப்பிடப்படுபவரும் கவிஞர்தான். கதைப் பிரிவில் முதலில் நிற்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எத்தனையாவது ஆள் என்று கேட்டு மின்னஞ்சல் எழுதலாமா என்றால், ஒருமுறை எழுதலாம். இன்னும் ஆர்வம் இருக்கிறது, அழைத்தால் வருவேன் என்று சுருக்கமாகச் சொல்வது நல்லதே. இரண்டு இடங்களில் நிற்கும் ஆளுக்கும் உறுதியாக வரும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் ஏப்ரல் நடுவில் இயக்குநருக்கு முக்கியம். வாரம் ஒருமுறை எழுதினால் அந்த அலுவலகத்தில் பதில் எழுதும் ஒரே ஊழியருக்குத்தான் கஷ்டம்.

ஏப்ரல் 15 எங்கிருந்து வந்தது? அமெரிக்க மேற்படிப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது, நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதி உதவியுடன் அழைப்புப் பெற்ற மாணவர் ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் சாரம். "மார்ச் 10க்குள் சொல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று நெருக்குவதிலிருந்து மாணவரைக் காப்பதுதான் நோக்கம். நல்ல விதி. இதில் நினைவில் வைக்க வேண்டியது, அது நிதி உதவிக்கான விதி, வெறும் சேர்க்கைக்கானது அல்ல. கையெழுத்திடாத பல்கலைக்கழகங்களும் உண்டு. ஒரு படிப்பு அதற்கு முன்பே பதில் கேட்டால் அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி மரியாதையாக அவகாசம் கேட்கலாம்.

இதே நல்ல விதிதான் காத்திருப்பவரின் வேதனையை நீட்டுகிறது. நாலு அழைப்பு வைத்திருப்பவர் நாலையும் ஏப்ரல் 15 வரை பிடித்து வைத்திருக்க உரிமை உண்டு. போகப்போவதில்லை என்று மனதில் முடிவான இடங்களைக்கூடப் பலர் கடைசி நாள்வரை விடுவதில்லை. வேண்டுமென்று செய்வதில்லை, ஒரு மின்னஞ்சல் எழுதச் சோம்பல், அல்லது மறுப்பதற்குக் கூச்சம். அந்த ஒரு மின்னஞ்சலுக்காக யாரோ ஒருவர் தன் வேலையை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வரி போதும்: நன்றி, நான் வேறிடம் போகிறேன். முடிவான அன்றே அனுப்பிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஏப்ரல் 13, 14, 15 தேதிகளில் பட்டியல் வேகமாக நகர்வதும், அதற்குப் பிறகும் மே வரை சில அழைப்புகள் வருவதும் இதனால்தான்.

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இந்தக் கடைசி நேர அழைப்பு ரொம்ப நெருக்கடி. வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு பணம் இருப்பதற்கான சான்றுகளைக் கொடுத்து ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வாங்க வேண்டும், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசு அமைப்பான செவிஸுக்கு 350 டாலர் கட்டணம் கட்ட வேண்டும், 185 டாலர் விசா கட்டணம் கட்டிச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி பிடிக்க வேண்டும். 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். காத்திருப்புக் காலத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்றால் அது பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் பார்ப்பதும், வங்கிச் சான்றுகளைத் தயாராக வைப்பதும்தான்.

பணமில்லாத அழைப்பு தனி ஆபத்து. கொலம்பியா போன்ற புகழ்பெற்ற இடங்களில் எம்.எஃப்.ஏ.வுக்குக் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். மாதக்கணக்கில் மௌனத்தில் வெந்தவருக்கு "வாருங்கள்" என்ற சொல்லே அமுதம், தொகையைப் படிக்கும் நிதானம் இருக்காது. என் அபிப்பிராயம் உறுதியானது: இந்தப் பட்டத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். எம்.எஃப்.ஏ. முடித்தால் வேலை நிச்சயம் என்று எந்த இயக்குநரும் சொல்வதில்லை. மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதில் அந்தக் கடன் அடையாது. கூடுதல் நிதி கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை, சில இடங்களில் கிடைத்தும் இருக்கிறது. இல்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு பார்ப்பதே மேல்.

எல்லா இடத்திலும் 'இல்லை' வந்தவர்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 700 கையெழுத்துப் பிரதிகளுக்குக் கருத்து எழுத யாருக்கும் நேரமில்லை. அடுத்த முறை விண்ணப்பிக்கத் தடையில்லை, படிக்கும் குழுவிலும் பெரும்பாலும் யாராவது மாறியிருப்பார்கள். அதே பக்கங்களை அனுப்புவதைவிட இடைப்பட்ட மாதங்களில் எழுதிய புதிய கதையை அனுப்புவது பலன் தரும். விண்ணப்பம் ஒன்றுக்கு 50 டாலரிலிருந்து 100 டாலருக்கு மேலும் கட்டணம் என்பதால், பத்து இடத்துக்குப் போட்டவர் இரண்டாம் முறை யோசிப்பார். கட்டண விலக்கு தரும் படிப்புகள் இருக்கின்றன, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். போர்ட்டல்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் இந்த முறை அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள்.